அதிர்ச்சியில் தடுமாறும் இதயம்: மரபணுப் பரிசோதனை யாருக்கு, எப்போது?

அம்மாவுக்கு மன அதிர்ச்சியால் இதயம் பலவீனப்பட்டுவிட்டது என்று வைத்தியர் சொன்னதுமே பிள்ளைகள் மனதில் எழும் கேள்வி, எங்களுக்கும் இது வருமா என்பதுதான். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது: மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா? கொழும்பில் இரத்தம் கொடுத்து மரபணு அறிக்கை பெறும் வசதி வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொக்லட்டோடு சேர்த்து எச்சில் பரிசோதனைப் பெட்டியையும் கொண்டுவந்து தருகிறார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம், தெரிந்த பின் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்க அவகாசம் எடுப்பவர்கள்தான் குறைவு.

ஒரு குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் கவனமாக இருப்பது ஒன்று. இரத்த உறவினர்கள் ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரெட்மில் (ஓடவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி.) போன்ற வழக்கமான இதயப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது இன்னொன்று. மூன்றாவது, நோய் வந்தவரிடமிருந்தே தொடங்கி முறையாக மரபணுவைச் சோதிப்பது. நான்காவது, எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் நேரடியாகப் போய் மரபணுப் பரிசோதனை செய்வது அல்லது எச்சில் பெட்டியை அனுப்பிவைப்பது. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. குடும்பத்தில் முதலில் விழுந்தவருக்கு வந்தது எந்த நோய் என்பதில்தான் விடை இருக்கிறது. அந்த நோயின் பெயர் தெரியாமல் மரபணுவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. நான்காவது வழியை மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தகோட்சுபோ என்றால்

அதிர்ச்சிக்குப் பின் வரும் இதயத் தளர்ச்சிகளில் இன்று அதிகம் பேசப்படுவது தகோட்சுபோ. 1990இல் ஜப்பானில், ஹிரோஷிமா வைத்தியர்கள் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். என் சித்திக்கு வந்தது இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் அவருக்கு ஒரு விடியற்காலையில் டொரொன்டோவிலிருந்து தொலைபேசி வந்தது. கூடப்பிறந்த தம்பி இறந்துவிட்டார் என்ற செய்தி. நேரங்கெட்ட நேரத்தில் வரும் வெளிநாட்டு அழைப்பு நம் வீடுகளில் எப்படி வயிற்றைக் கலக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அழுதுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் சாய்ந்தார். 1990 என்ற அவசர எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. மாரடைப்பைப் போலவே காட்டியது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் ட்ரோப்போனின் என்ற புரதம் இரத்தத்தில் உயர்ந்திருந்தது. ஆனால் ஆஞ்சியோகிராமில் இரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. எக்கோத் திரையில், இடது கீழறையின் நுனிப்பகுதி அசையாமல் உப்பி நின்றது. மேற்பகுதி மட்டும் இறுக்கி இறுக்கி வேலை செய்துகொண்டிருந்தது. சில வாரங்கள் கழித்து எடுத்த எக்கோவில் எல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது.

துயரம், பயம், கடும் நோய், சத்திர சிகிச்சை போன்றவற்றின்போது உடலில் அட்ரினலின் வகை ஹோர்மோன்கள் பெருக்கெடுக்கின்றன. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அதிர்ச்சிக்குப் பின் இதயம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில் இந்த ஹோர்மோன்கள், பெரிய மாரடைப்பு வந்தவர்களில் இருந்ததைவிடவும் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்த வெள்ளத்தில் இதயத் தசை தற்காலிகமாக மரத்துப்போகிறது. தற்காலிகம் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சில நாட்களில் வரும் சிக்கல்கள் மாரடைப்புக்கு நிகரானவை, உயிரிழப்பும் உண்டு. "கவலையில் வந்த மயக்கம், ஒரு தேத்தண்ணீர் குடித்தால் சரியாகும்" என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து.

இனிப் பரம்பரைக் கேள்விக்கு வருகிறேன். 2015இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில் 1,750 தகோட்சுபோ நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 வீதம் பெண்கள். சராசரி வயது 66. உடல் சார்ந்த தூண்டுதல் 36 வீதமானோரிலும், மனம் சார்ந்த தூண்டுதல் ஏறத்தாழ 28 வீதமானோரிலும் இருந்தது. மற்றொரு 28 வீதமானோரில் தூண்டுதல் எதுவும் தெரியவில்லை. மகிழ்ச்சியாலும் இது வரலாம்: அதே பதிவேட்டில் மன உணர்ச்சியால் நோய் வந்த 485 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, 20 பேருக்குக் கல்யாணம், பிறந்தநாள், பேரக்குழந்தை போன்ற நல்ல செய்திகளே காரணமாக இருந்தன. தாய்க்கும் மகளுக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் வந்ததாக மருத்துவ ஏடுகளில் சில குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அட்ரினலினை ஏற்கும் புரதங்களுக்கான மரபணுக்களைப் பல குழுக்கள் ஆராய்ந்தன; ஒரு குழு கண்ட தொடர்பை அடுத்த குழு காணவில்லை. இன்ன மரபணுவில் இன்ன மாற்றம் இருந்தால் தகோட்சுபோ வரும் என்று சொல்லக்கூடிய பரிசோதனை இன்று உலகில் எங்கும் இல்லை.

சித்தியின் மூத்த மகள் என்னிடம், "அக்கா, காசு போனால் போகட்டும், நானும் தங்கச்சியும் மரபணுப் பரிசோதனை செய்துவிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அது பாதுகாப்பு அல்ல. ஏதோ இருக்கிறது என்று வந்தால் அது நோயும் அல்ல. இரண்டு விதமாக வந்தாலும் அவர்கள் மறுநாள் செய்யப் போவதில் எந்த மாற்றமும் இருக்காது.

அந்தக் காசும் கவனமும் போக வேண்டிய இடம் சித்தியே. அதே பதிவேட்டில், தகோட்சுபோ வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நரம்பியல் அல்லது மனநலம் சார்ந்த நோய் முன்போ அப்போதோ இருந்தது. மாரடைப்பு வந்தவர்களோடு ஒப்பிட்டால் இது இரு மடங்கு. ஆகவே மனச்சோர்வும் பதற்றமும் இருந்தால் அதற்கு மனநல வைத்தியரைப் பார்ப்பது இதய மருத்துவத்தின் ஒரு பகுதிதான். நம் சமூகத்தில் இதைச் சொல்வது சுலபமல்ல. போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளை இழந்த ஒரு தலைமுறைத் தாய்மார், "எனக்கென்ன பைத்தியமா" என்ற ஒரே கேள்வியோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் அந்தக் கதவை மறுபடி மறுபடி தட்ட வேண்டும். நோய் திரும்பி வரும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் என்பதை வைத்துப் பார்த்தால், அவர் தினமும் பயந்து வாழவும் தேவையில்லை; கிளினிக்கை மறந்துவிடவும் கூடாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தால், அது தானே அட்ரினலினைக் கொட்டித் தகோட்சுபோ போன்ற நிலையை உண்டாக்கலாம். இரத்த அழுத்தம் திடீர் திடீரென்று ஏறுவது, அதனுடன் தலைவலி, வியர்வை, படபடப்பு வருவது இதன் அடையாளங்கள். இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரை. அப்படிக் கண்டறிந்தால் மரபணுப் பரிசோதனை கட்டாயம் பேசப்பட வேண்டியது.

மின்னோட்டத்தில் குறை என்றால்

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் வயதான பெண்களின் கதை. பாடசாலைப் பிள்ளை ஓட்டப் போட்டியில் விழுந்தால், நீச்சல் தடாகத்தில் மயங்கினால், அலாரம் அடித்த நொடியில் துவண்டால், கதையே வேறு. இங்கே இதயத் தசை நன்றாகவே இருக்கும். துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில்தான் குறை. இங்குதான் மரபணுப் பரிசோதனை உயிர் காக்கிறது.

நீள் கியூ.டி. நோய்க்குறி ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்னளவில் மீண்டும் தயாராவதற்கு எடுக்கும் நேரம் இவர்களுக்கு நீண்டுவிடுகிறது. அந்த இடைவெளியில் அட்ரினலின் பாய்ந்தால் துடிப்பு கட்டறுந்து ஓடத் தொடங்கும். எந்த மரபணு என்பதைப் பொறுத்துத் தூண்டுதலும் மாறுவதுதான் இந்த நோயின் விசேடம். 2001இல் 670 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வில், முதல் வகையினருக்கு மயக்கம், இதயநிறுத்தம் போன்ற சம்பவங்களில் 62 வீதம் உடல் உழைப்பின்போது நேர்ந்தன; நீச்சலின்போது நேர்ந்தவற்றில் 99 வீதம் இந்த வகையினருடையவை. இரண்டாம் வகையினருக்கு 43 வீதம் மன உணர்ச்சியின்போது. திடீர்ச் சத்தம் இவர்களின் எதிரி. மூன்றாம் வகையினருக்கு 39 வீதம் தூக்கத்திலோ ஓய்விலோ. ஆகவே முதல் வகைக்குக் காரணமான கே.சி.என்.கியூ.1 மரபணுவில் மாற்றம் உள்ள பிள்ளையை நீச்சலில் தனியே விடக் கூடாது. இரண்டாம் வகைக்குக் காரணமான கே.சி.என்.எச்.2 மரபணுவில் மாற்றம் உள்ளவரின் படுக்கைக்குப் பக்கத்திலிருந்து அலாரத்தையும் தொலைபேசியையும் எடுத்துவிட வேண்டும். தீபாவளி வெடியைக் காதுக்கருகே கொளுத்தி விளையாடவும் கூடாது. அந்த வகையுள்ள பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பின் வரும் ஒன்பது மாதங்கள் குறிப்பாக ஆபத்தானவை. அந்த நாட்களில் வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இதைவிட அரிதான, இதைவிட ஆபத்தான இன்னொன்று சி.பி.வி.டி. என்று வைத்தியர்கள் சுருக்கமாகச் சொல்வது: ஓடும்போதும் பதறும்போதும் துடிப்பு கட்டறுந்து ஓடும் நோய். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. இதயக் கலத்துக்குள் கல்சியத்தைத் திறந்துவிடும் வாயில், அட்ரினலின் ஏறும்போது ஒழுகத் தொடங்குகிறது. ஆர்.வை.ஆர்.2 என்ற மரபணு இதற்குக் காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. அதே ஆண்டில் கண்டறிந்த இன்னொரு மரபணுவான சி.ஏ.எஸ்.கியூ.2 வேறு விதம். அது பெரும்பாலும் தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒன்றாக வந்தால்தான் நோயாகிறது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் நல்ல சுகமாக இருப்பார்கள். பிள்ளை மட்டும் விழும். மச்சாளைக் கட்டியிருந்தால் அதை வைத்தியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சி.பி.வி.டி.யின் கொடுமை, படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. நன்றாக இருக்கும், எக்கோவும் நன்றாக இருக்கும். "எல்லாம் நோர்மல்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகன் விளையாட்டுத் திடலில் விழுந்து கைகால் வெட்டி இழுத்ததை வலிப்பு என்று எடுத்து வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அவன் விழுந்ததெல்லாம் ஓடும்போதும் பயப்படும்போதும் மட்டுமே என்பதைத் தாய் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். புதிதாகப் பார்த்த வைத்தியர் அந்தக் கொப்பியைப் படித்துவிட்டு ட்ரெட்மில்லில் ஏற்றினார். வேகம் கூடக்கூட அலைகள் மேலும் கீழுமாகப் புரளத் தொடங்கின. மூளைக்கு இரத்தம் நின்றால் எவருக்கும் கைகால் வெட்டும். ஆகவே ஓடும்போதும் பயத்திலும் மட்டுமே வரும் வலிப்பை இதய வைத்தியரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இந்த இரு நோய்களுக்கும், இதயத்தில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளே அடிப்படைச் சிகிச்சை. சி.பி.வி.டி.யில் ப்ரோப்ரனோலோல், நடோலோல் போன்றவை மற்றப் பீட்டா தடுப்பு மருந்துகளைவிடச் சிறந்தவை. தேவைப்பட்டால் ஃப்ளெக்கைனைட் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீள் கியூ.டி. உள்ளவர் பாமசியில் வாங்கவே கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்று உண்டு: கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், வாந்திக்குச் சும்மா எடுத்துப் போடும் டொம்பெரிடோனும் அதில் அடங்கும். நோயின் பெயர் தெரிந்தால் இத்தனை காரியம் செய்யலாம். தகோட்சுபோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காரணம் தெரியாத மரணம் என்றால்

இளம் வயதில் ஒருவர் திடீரென்று இறந்து, பிரேத பரிசோதனையிலும் காரணம் கிடைக்காத வீடுகளும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1 முதல் 35 வயது வரையானோரின் 490 திடீர் இதய மரணங்களை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 40 வீதமானவற்றுக்குப் பிரேத பரிசோதனையில் காரணம் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களில் மரபணுச் சோதனை செய்யப்பட்டோரில் 27 வீதமானோருக்கு நோயோடு தொடர்புடைய மாற்றம் கிடைத்தது.

செத்த வீட்டின் முதல் மணித்தியாலங்களில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? அதனால்தான் முன்பே தெரிந்திருக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரியிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் குடும்பத்தில் ஒருவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மரபணுப் பரிசோதனைக்கு ஏற்றபடி கொஞ்சம் இரத்தத்தை எடுத்துப் பாதுகாத்து வைக்க முடியுமா? உடலில் மருந்து ஏற்றிப் பதப்படுத்திய பின் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை உடலைப் பதப்படுத்தி வைத்திருப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த இரத்தம் கிடைக்காவிட்டால், உயிரோடு இருக்கும் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோருக்கு ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் செய்வதே முதல் வேலை. அவற்றில் எவருக்காவது குறை தெரிந்தால் அவரிடமிருந்து மரபணுச் சோதனையைத் தொடங்கலாம். எவருக்கும் குறை தெரியாமல், வெறும் பயத்தால் எல்லோருக்கும் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பெரிய பரிசோதனை செய்வது குழப்பத்தையே கொண்டுவரும்.

சாதாரண மாரடைப்பு 45 வயதில் வந்த அப்பாவின் பிள்ளைகள் இந்த வரிசையில் நிற்கவே தேவையில்லை. வேலை நெருக்கடியால் வந்தது என்று எல்லோரும் சொன்னாலும், முதலில் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) டெசிலீட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004 முதலே சொல்லிவருகிறது.

வழிகளை எடைபோட்டால்

எல்லாவற்றுக்கும் முந்தியது, காசே செலவில்லாதது, மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஒரு தாளில் அம்மம்மா, அப்பப்பா முதல் பேரப்பிள்ளை வரை எழுதுங்கள். யார் 40 வயதுக்கு முன் இறந்தார், யார் குளத்திலோ கிணற்றிலோ நீந்தத் தெரிந்தும் மூழ்கினார், யாருக்கு வலிப்பு, செத்த வீட்டில் யார் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுவார் என்று குறியுங்கள். செத்த வீட்டு மயக்கத்தை நாம் பாசத்தின் அளவாகவே எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சாதாரண மயக்கம்தான். ஆனால் எச்சரிக்கை எதுவுமின்றித் திடீரென்று விழுந்து, முகம் வெளிறி, கைகால் வெட்டி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தவர் என்றால் அவரை இதய வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். இந்த விவரம் பெரியம்மாக்களின் நினைவில் மட்டும்தான் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது வழக்கமான இதயப் பரிசோதனைகள். அரச வைத்தியசாலைகளில் இவை இலவசம். கிளினிக் வரிசையும் தவணையும்தான் விலை. தனியாரில் சனல் செய்து அதே வாரத்தில் முடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே, தனியாரில் ஒரு முறை இதய வைத்தியரைப் பார்த்துவிட்டுப் பரிசோதனைகளை அரச கிளினிக்கில் தொடர்பவர்களும் பலர், அதில் தவறில்லை. ஈ.சி.ஜி.யில் அந்த நீளும் நேரத்தைக் காட்டும் கியூ.டி. இடைவெளியை இயந்திரம் அச்சிட்டபடி விட்டுவிடாமல் கையால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஓட்டத்தில் மயக்கம் என்றால் ட்ரெட்மில் இல்லாமல் திரும்பாதீர்கள். இந்த வழியின் குறை, நீள் கியூ.டி. மரபணு மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஓய்வு நிலை ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும் என்பதுதான். அவர்களை உறுதியாகக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனை தேவை.

அதனால் மூன்றாவது வழி, நோய் வந்தவரிடமிருந்து தொடங்கும் மரபணுச் சோதனை. நீள் கியூ.டி. உறுதியானவர்களில் ஏறத்தாழ 75 வீதமானோருக்கும், சி.பி.வி.டி. உறுதியானவர்களில் ஏறத்தாழ 60 வீதமானோருக்கும் காரணமான மாற்றம் கிடைக்கும். கிடைத்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். இல்லை என்று வந்த தம்பியை வருடாவருடம் பரிசோதனைக்கு அலைக்கழிக்க வேண்டாம். அவன் பிள்ளைகளும் விடுதலை. இந்த விடுதலைக்காகவே இந்தச் சோதனை விலை கொடுக்கத் தகுந்தது என்பது என் எண்ணம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுவியல் அலகு 1983 முதல் இயங்குகிறது. இரத்தம் கொடுக்கும் முன் அங்கோ வேறிடத்திலோ மரபணு ஆலோசனை பெறுங்கள். அறிக்கை வந்த பிறகு ஆலோசனை தேடுவது பிந்திய வேலை.

இனி நான்காவது வழி. நலமான ஒருவரிடம் நூறு மரபணுக்களைத் தேடினால் ஏதாவது ஒன்று மாறித்தான் இருக்கும். அந்த மாற்றம் தீயதா தீங்கற்றதா என்று தீர்மானிக்க உதவும் தரவுத்தளங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவரின் தரவு. நமக்கு வழக்கமான ஒரு மாற்றம்கூட அங்கே அரிதாகத் தெரிந்து, "பொருள் தெளிவற்றது" என்ற முத்திரையோடு வரும். மை.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 வீதமானோரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் இதயத் தளர்ச்சியின் ஆபத்தைக் கூட்டுவதாக அதே ஆய்வு சொன்னாலும், அதைச் சுமக்கும் பலர் நோயே தெரியாமல் வாழ்கிறார்கள். 25 பேருக்கு ஒருவர் என்றால் ஒரு பஸ்ஸில் இரண்டு பேர். இவர்கள் ஒவ்வொருவர் கையிலும் சூழல் தெரியாமல் ஒரு சிவப்பு எழுத்து அறிக்கையைக் கொடுப்பதால் யாருக்கு நன்மை? எச்சில் பெட்டிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றின் மூலத் தரவிலிருந்து எடுத்த மாற்றங்களை ஓர் ஆய்வுகூடம் மீண்டும் சோதித்தபோது 40 வீதம் பொய்யாக இருந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தப் பெட்டி பூர்வீகம் தேடுபவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும். பிள்ளைக்கு மாத்திரை தொடங்குவதற்கோ நிறுத்துவதற்கோ அது ஆதாரமல்ல.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சில இடங்களில் சரியான முடிவே. அறுபது வயதுத் தாய்க்கு உறுதியாகத் தகோட்சுபோ. குடும்பத்தில் இளவயது மரணம் இல்லை. பிள்ளைகளுக்கு மயக்கமோ படபடப்போ இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு பார்த்துக்கொண்டால் போதும்.

கல்யாணப் பேச்சு, காப்புறுதி, பிள்ளைகள்

பணத்தைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. "பெண் பிள்ளைக்கு இப்படியொரு அறிக்கை இருப்பது வெளியே தெரிந்தால் சம்பந்தம் வருமா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். இந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். சாதகத்தில் செவ்வாய் இருந்தாலே பேச்சு நின்றுவிடும் சமூகத்தில் மரபணு அறிக்கை என்ன பாடுபடுத்தும் என்பது தெரிந்ததே. ஆனாலும் நீள் கியூ.டி. உள்ள பெண் மாத்திரை எடுத்துக்கொண்டு, வைத்தியர் கண்காணிப்பில் பிள்ளை பெற்று, நீண்ட காலம் வாழலாம். மறைத்துக் கல்யாணம் செய்து, பேறுகாலத்தின் பின் மாத்திரையில்லாமல் இருக்கும் பெண்ணுக்கே ஆபத்து. யாருக்கு, எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். வைத்தியருக்கும் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆயுள் காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால், பரிசோதனைக்கு முன்பே விண்ணப்பத்தின் கேள்விகளை வாசித்துப் பாருங்கள். கேட்டால் பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்ன ஒப்பந்தம் தேவைப்படும் நேரத்தில் கைவிடும்.

சிறு பிள்ளைகளைச் சோதிப்பதா என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சிறுவயதிலேயே ஆபத்து வரும், சிறுவயதிலேயே சிகிச்சையும் உண்டு என்றால் காத்திருக்கக் கூடாது. நீள் கியூ.டி.யும் சி.பி.வி.டி.யும் அந்த வகை. குடும்பத்தில் மாற்றம் உறுதியாகிவிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது தவறு. உறுதியானதும் பாடசாலை அதிபருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் எழுத்தில் கொடுங்கள்: பிள்ளை விழுந்தால் உடனே 1990க்கு அழைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று.

சகோதரர்களில் பாதிப்பேர் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் இருப்பது நம் குடும்பங்களின் நிலை. கொழும்பில் மாற்றம் உறுதியானால், மரபணுவின் பெயரும் மாற்றத்தின் சரியான குறியீடும் உள்ள அறிக்கைப் பக்கத்தை முழுமையாகப் பிரதி எடுத்து ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். "அண்ணாவுக்கு ஏதோ இதயப் பரம்பரை நோயாம்" என்ற வட்ஸ்அப் செய்தியை வைத்து அங்கே எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால், அவர்களுடைய வைத்தியர் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடும்படி ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்.